சத்தமில்லாமல் வரும் தொற்றுக்கள்: எமது குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டியவை

நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல் பற்றி எமது வீடுகளில் விருந்தினர் முன்னிலையிலும் தாராளமாகப் பேசுவோம். யார் எத்தனை மாத்திரை போடுகிறார் என்பது உறவினர் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் பிறப்புறுப்பில் ஒரு புண்ணோ எரிவோ வந்தால் அந்தப் பேச்சு வாய்க்குள்ளேயே நின்றுவிடும். கணவன் மனைவிக்குச் சொல்வதில்லை, மனைவி வைத்தியருக்குச் சொல்வதில்லை. மேகநோய், வெட்டை என்று ஊரில் இருந்த பழைய பெயர்களோடும் எப்போதும் ஒரு பழி ஒட்டிக்கொண்டே இருந்தது. அந்தப் பழிக்குப் பயந்து நாம் பேசாமல் இருக்கிறோம்; தொற்று தன்பாட்டில் பரவிக்கொண்டிருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, முற்றாகக் குணப்படுத்தக்கூடிய நான்கு பாலியல் தொற்றுக்களால் மட்டும் 2020ஆம் ஆண்டில் 15 முதல் 49 வயது வரையானவர்களிடையே 37 கோடியே 40 இலட்சம் புதிய தொற்றுக்கள் ஏற்பட்டன. நாளொன்றுக்குப் பத்து இலட்சத்துக்கும் மேல். இவை யாரோ சிலருடைய நோய்கள் என்று ஒதுக்கிவிட முடியாத எண்ணிக்கை இது. திருமணமானவர், ஆகாதவர், விவாகரத்தானவர், துணையை இழந்து மறுமணம் செய்தவர் என எல்லோரும் இதற்குள் அடங்குவர். நாம் வாழும் நாடுகளில் இவற்றுக்கான பரிசோதனையும் சிகிச்சையும் இலகுவாகக் கிடைக்கின்றன. கிடைப்பதைப் பயன்படுத்தத் தேவையான விபரங்களை ஒரே இடத்தில் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அறிகுறி இல்லாத தொற்று

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதுதான்: பாலியல் தொற்றுக்களில் பெரும்பாலானவை தொடக்கத்தில் எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. கிருமி உடலுக்குள் இருக்கும், இன்னொருவருக்குத் தொற்றும், உள்ளே சேதமும் செய்யும். ஆனால் அந்த மனிதர் வழமைபோல வேலைக்குப் போய் வந்துகொண்டிருப்பார். இதனால்தான் இப்போது வைத்தியர்கள் 'பாலியல் நோய்' என்பதைவிடப் 'பாலியல் தொற்று' என்ற சொல்லையே விரும்புகிறார்கள். நோயாகத் தெரியாமலே தொற்று இருக்க முடியும்.

இன்னொரு தவறான நம்பிக்கையும் எம்மிடையே பரவலாக உண்டு. "வருசா வருசம் இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள், இருந்தால் சொல்லியிருப்பார்கள்தானே" என்பது அது. குடும்ப வைத்தியர் வழமையாக எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் சீனி, கொழுப்பு, சிறுநீரகம், ஈரல் போன்றவையே பார்க்கப்படுகின்றன. பாலியல் தொற்றுக்களை அதற்கெனக் கேட்டால்தான் பார்ப்பார்கள். குடிவரவுக்கான மருத்துவப் பரிசோதனையும் அப்படித்தான். கனடா 15 வயதுக்கு மேற்பட்டோரிடம் எச்.ஐ.வி.யையும் சிபிலிஸையும் பார்க்கிறது. கிளமிடியாவையோ கொனோரியாவையோ பார்ப்பதில்லை. இலங்கையிலிருந்து நீண்டகால விசாவில் பிரித்தானியாவுக்கு வருபவரிடம் கேட்கப்படுவது காசநோய்ப் பரிசோதனை மட்டுமே. ஆகவே "எல்லாம் பார்த்துத்தானே உள்ளே விட்டார்கள்" என்று இருந்துவிட முடியாது.

பக்ரீரியாவால் வருபவை: குணப்படுத்தலாம்

கிளமிடியா: இளவயதினரிடையே மிகப் பரவலாகக் காணப்படும் பக்ரீரியாத் தொற்று இது. தொற்றுள்ள பெண்களில் பெரும்பாலானோருக்கும் ஆண்களில் ஏறத்தாழ அரைப்பங்கினருக்கும் எந்த அறிகுறியும் இருக்காது. இருந்தால் சலம் போகும்போது எரிவு, வழமைக்கு மாறான வெளியேற்றம், பெண்களுக்கு உறவின் பின்போ மாதவிடாய்களுக்கு இடையிலோ இரத்தம் படுதல், அடிவயிற்று நோவு, ஆண்களுக்கு விதையில் நோவு என்பன ஏற்படலாம். கவனிக்காமல் விட்டால் கிருமி மேலேறிக் கருப்பையையும் பலோப்பியன் குழாய்களையும் தாக்கும். குழாய்களில் தழும்பு விழுந்தால் கருத்தரிப்பது கடினமாகும். கருப்பைக்கு வெளியே கரு தங்கும் ஆபத்தும் கூடும். பிள்ளை இல்லை என்று கோவில் கோவிலாக நேர்த்தி வைக்கும் தம்பதியரில் சிலருக்கு, பல ஆண்டுகளுக்கு முன்னர் சத்தமில்லாமல் வந்த இந்தத் தொற்றே காரணமாக இருக்கக்கூடும். ஒரு வாரம் அன்ரிபயோட்டிக் மாத்திரை எடுத்தால் தொற்று குணமாகிவிடும். ஆனால் விழுந்த தழும்பை மாத்திரையால் அழிக்க முடியாது. நேரத்தோடு பரிசோதிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

கொனோரியா: 'வெட்டை' என்ற பழைய பெயர் பெரும்பாலும் இதையே குறித்தது. ஆண்களுக்குப் பெரும்பாலும் சில நாட்களிலேயே மஞ்சள் அல்லது பச்சை கலந்த சீழ் வெளிப்படும், சலம் கடுக்கும். பெண்களில் பலருக்கு ஒன்றுமே தெரியாது. இந்தக் கிருமி கெட்டிக்காரக் கிருமி. பெனிசிலின், டெட்ராசைக்கிளின், சிப்ரோபுளொக்ஸசின் என்று ஒவ்வொரு மருந்தாக எதிர்க்கப் பழகிவிட்டது. இன்று பெரும்பாலான நாடுகளில் செவ்ட்ரியாக்சோன் என்ற ஊசியே முதன்மையான சிகிச்சை. ஊரிலிருந்து வரும்போது கொண்டுவந்த மாத்திரைகளையோ, நண்பர் மிச்சம் வைத்த அன்ரிபயோட்டிக்கையோ போட்டுப் பார்ப்பது பலன் தராது. அறிகுறி சற்றுக் குறையலாம். கிருமி உள்ளேயே இருந்து மருந்துக்கு மேலும் பழகிவிடும்.

சிபிலிஸ்: இது மூன்று முகம் காட்டும் நோய். தொற்றி ஏறத்தாழ மூன்று வாரங்களில் பிறப்புறுப்பிலோ வாயிலோ ஆசனவாயிலோ நோவில்லாத ஒரு புண் வரும். நோவில்லாததால் பலர் கவனிப்பதில்லை, சில வாரங்களில் அது தானாகவே ஆறிவிடும். பிறகு உடலில், குறிப்பாக உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும், பெரும்பாலும் கடிக்காத தடிப்புக்கள் தோன்றலாம். காய்ச்சலும் களைப்பும் இருக்கலாம். அதுவும் மறைந்துவிடும். அதன்பின் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி இருந்துவிட்டு, சிலருக்கு இதயத்தையும் மூளையையும் கண்ணையும் தாக்கும். புண் ஆறியதை நோய் மாறியதாக எடுத்துக்கொள்வதுதான் இங்கே பெரிய ஆபத்து. ஓர் இரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடிக்கலாம். கொனோரியாவைப் போலல்லாமல் இதற்கு இன்றும் பெனிசிலின் ஊசி நன்றாகவே வேலை செய்கிறது.

இவற்றோடு ட்ரைக்கோமோனஸ் என்ற ஒட்டுண்ணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு நுரைத்த, துர்நாற்றமுள்ள வெளியேற்றத்தையும் கடியையும் தரும். ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. இதுவும் மாத்திரையால் மாறும். மேலே சொன்ன 37 கோடிக் கணக்கில் வரும் நான்கு தொற்றுக்களும் இவைதான்.

வைரஸால் வருபவை: கட்டுப்படுத்தலாம், சிலவற்றைத் தடுக்கலாம்

ஹேர்ப்பீஸ்: சிறிய கொப்புளங்கள் தோன்றி உடைந்து நோவுள்ள புண்களாகும். இந்த வைரஸ் நரம்புக் கலங்களில் உறங்கிக்கிடந்து அவ்வப்போது திரும்பி வரும். உதட்டில் வரும் காய்ச்சல் கொப்புளத்துக்கும் இதே குடும்பத்து வைரஸ்தான் காரணம். வாய்வழி உறவால் அது பிறப்புறுப்புக்கும் வரலாம். முற்றாக நீக்க முடியாது. ஆனால் அசிக்ளோவிர் போன்ற மருந்துகள் தாக்கத்தைக் குறைக்கும். காலம் செல்லச் செல்ல அது திரும்பி வருவதும் பெரும்பாலும் குறைந்துவிடும்.

எச்.பி.வி.: உறவில் ஈடுபடும் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது தொற்றும் வைரஸ் இது. பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் உடலே அதை விரட்டிவிடும். இதில் பல வகைகள் உண்டு. 6ஆம், 11ஆம் வகைகள் பிறப்புறுப்பில் பாலுண்ணிகளை உண்டாக்கும். 16ஆம், 18ஆம் வகைகளே கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 வீதமானவற்றுக்குக் காரணம். தொண்டை, ஆசனவாய், ஆண்குறி ஆகியவற்றிலும் இது புற்றுநோயை உண்டாக்கலாம். இந்தத் தொடர்பைக் கண்டறிந்ததற்காக ஹரால்ட் சுர் ஹவுசன் என்ற ஜேர்மனிய விஞ்ஞானிக்கு 2008இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஹெப்பற்றைட்டிஸ் பி: ஈரலைத் தாக்கும் வைரஸ். உறவு, இரத்தம், பிரசவம் ஆகிய வழிகளில் தொற்றும். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தெரியாமல் இருந்து ஈரல் சுருங்கலிலோ ஈரல் புற்றுநோயிலோ போய் முடியும். இதற்கு நல்ல தடுப்பூசி உண்டு. ஊரில் பிறந்த மூத்த தலைமுறையினர் பலருக்குச் சிறுவயதில் இது போடப்பட்டிருக்காது. வைத்தியரிடம் கேட்டுப் பார்ப்பது நல்லது.

எச்.ஐ.வி.: எம்மவரிடையே இன்றும் மிகப் பயத்துடன் பார்க்கப்படுவது இது. இந்தியாவில் முதன்முதலாக இந்தத் தொற்று கண்டறியப்பட்டது 1986இல் சென்னையில். வைத்தியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் அதைக் கண்டறிந்தார்கள். அன்றைக்கு அது கிட்டத்தட்ட மரணத் தீர்ப்பு. இன்று நிலைமை முற்றாக மாறிவிட்டது. தினமும் மருந்து எடுப்பவருக்கு இரத்தத்தில் வைரஸின் அளவு கண்டறிய முடியாத அளவுக்குக் குறையும். அந்த நிலையைத் தொடர்ந்து பேணுபவரிடமிருந்து உடலுறவு மூலம் மற்றவருக்குத் தொற்றாது என்பது பெரிய ஆய்வுகளில் உறுதிப்படுத்தப்பட்டுவிட்டது. அவர் திருமணம் செய்யலாம், தொற்றில்லாத பிள்ளையைப் பெறலாம், மற்றவர்களைப் போல நீண்டகாலம் வாழலாம். ஒரே கோப்பையில் தேநீர் குடிப்பது, கட்டியணைப்பது, ஒரே கழிப்பறையைப் பாவிப்பது, நுளம்பு கடிப்பது ஆகியவற்றால் இது தொற்றாது. நோயைவிட மனிதரை ஒதுக்கிவைப்பதுதான் இன்றைக்கு அதிகக் கெடுதி செய்கிறது. ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயத்தில் பரிசோதனைக்குப் போகாதவரே கடைசியில் முற்றிய நிலையில் வைத்தியசாலைக்கு வருகிறார்.

எல்லா எரிவும் பாலியல் தொற்று அல்ல

இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நீரிழிவு எமது சமூகத்தில் அதிகம். சீனி கூடினால் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று அடிக்கடி வரும். தயிர்போன்ற வெள்ளைபடுதல், கடி, சிவத்தல், ஆண்களுக்கு முன்தோல் வெடித்தல் எல்லாம் அதனால் வரலாம். அது பாலியல் தொற்றாகக் கருதப்படுவதில்லை. சாதாரண சலத்தொற்றும் கடுப்பைத் தரும். மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தோல் வறண்டு எரிவு வரலாம். ஆகவே அறிகுறியை மட்டும் வைத்து நீங்களே முடிவு கட்டாதீர்கள். துணையையும் குற்றம் சாட்டாதீர்கள். சில நேரங்களில் அந்த எரிவைக் காட்டப் போய்த்தான் இவ்வளவு நாளும் தெரியாதிருந்த நீரிழிவு வெளியே வருகிறது.

"யாரிடமிருந்து வந்தது?"

தொற்று உறுதியானவுடன் வீட்டில் எழும் முதல் கேள்வி இதுதான். பல குடும்பங்கள் இந்தக் கேள்வியிலேயே உடைந்திருக்கின்றன. பரிசோதனை முடிவு, தொற்று இருக்கிறதா என்பதைச் சொல்லும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. எச்.பி.வி.யும் ஹேர்ப்பீஸும் பல ஆண்டுகள் உடலுக்குள் அடங்கியிருந்துவிட்டு முதன்முறையாக வெளிப்படலாம். கிளமிடியாவும் மாதக்கணக்கில், சிலவேளை அதைவிட நீண்டகாலம், தெரியாமல் இருக்கலாம். ஹெப்பற்றைட்டிஸ் பி பிறப்பிலேயே தாயிடமிருந்து வந்திருக்கலாம். முப்பது ஆண்டுத் திருமணத்தின் பின் பாப் பரிசோதனையில் எச்.பி.வி. என்று வந்தால், அது நேற்றைய துரோகத்துக்குச் சாட்சி ஆகிவிடாது.

எமது குடும்பங்களின் கதையையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். கணவன் முதலில் வந்து, வழக்கு முடிந்து, விசா கிடைத்து, மனைவி வந்து சேர ஐந்து, எட்டு, பத்து ஆண்டுகள் என்று பிரிந்திருந்த குடும்பங்கள் எத்தனையோ. அந்தத் தனிமையின் காலத்தில் என்ன நடந்தது என்பதை விசாரிக்க இக்கட்டுரை முற்படவில்லை. ஆனால் மீண்டும் ஒன்றாக வாழத் தொடங்குமுன் இருவரும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது ஒருவர்மீது ஒருவர் காட்டும் அக்கறை. மறுமணம் செய்வோருக்கும் இது பொருந்தும். ஐம்பது அறுபது வயதில் புதுத்துணையோடு வாழ்பவர்கள், இனிக் கருத்தரிக்க வாய்ப்பில்லை என்பதால் ஆணுறையை நினைப்பதேயில்லை. கிருமிக்கு வயது தெரியாது.

போர்க்காலத்திலோ தடுப்புக்காவலிலோ பயணவழியிலோ பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். ஆண்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் அதை எவரிடமும் சொன்னதில்லை. எத்தனை ஆண்டு கடந்திருந்தாலும் பரிசோதனை செய்துகொள்ளலாம். நடந்தது முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை. "எல்லாவற்றையும் பரிசோதிக்க விரும்புகிறேன்" என்ற ஒரு வசனம் போதும்.

தடுப்பது எப்படி

ஆணுறையைச் சரியாகவும் ஒவ்வொரு முறையும் பாவித்தால் எச்.ஐ.வி., கிளமிடியா, கொனோரியா ஆகியவற்றிலிருந்து நல்ல பாதுகாப்புக் கிடைக்கும். ஹேர்ப்பீஸ், சிபிலிஸ், எச்.பி.வி. ஆகியவை தோலோடு தோல் படுவதாலும் தொற்றுவதால் அவற்றிலிருந்து ஓரளவே பாதுகாப்பு உண்டு. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், வாஸ்லின் போன்றவை லேட்டெக்ஸ் ஆணுறையைப் பலவீனப்படுத்திக் கிழித்துவிடும். நீர்த்தன்மையான உயவுக் களிம்பையே பாவிக்க வேண்டும். கருத்தடை மாத்திரையும் லூப்பும் கருத்தரிப்பைத் தடுக்கும். எந்தத் தொற்றையும் தடுக்காது.

எச்.ஐ.வி. தொற்றியிருக்கக்கூடும் என்று அஞ்சும் சம்பவம் நடந்தால் 72 மணித்தியாலத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்கலாம். 28 நாட்கள் எடுக்க வேண்டும். எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 24 மணித்தியாலத்துக்குள் என்றால் மிக நல்லது. பாலியல் சுகாதார நிலையம் மூடியிருந்தால் வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். தொடர்ந்து ஆபத்து உள்ளவர்களுக்கு முன்கூட்டியே எடுக்கும் மாத்திரைகளும் உண்டு.

பரிசோதனைக்கும் ஒரு காலக்கணக்கு உண்டு. நேற்று நடந்ததை இன்றைய பரிசோதனை காட்டாது. கிளமிடியாவுக்கும் கொனோரியாவுக்கும் இரண்டு வாரங்கள், எச்.ஐ.வி.க்கு ஆய்வுகூட இரத்தப் பரிசோதனையானால் ஏறத்தாழ 45 நாட்கள், சிபிலிஸுக்கு 12 வாரங்கள் கடந்த பின் கிடைக்கும் முடிவையே உறுதியாக நம்பலாம். ஆனால் அறிகுறி இருந்தால் காத்திருக்காமல் உடனே போக வேண்டும்.

குணப்படுத்தக்கூடிய தொற்று ஒருவருக்கு உறுதியானால் துணைக்கும் பரிசோதனையும் சிகிச்சையும் வேண்டும். ஒருவர் மட்டும் மருந்தெடுத்தால் தொற்று இருவருக்குமிடையே போய் வந்துகொண்டே இருக்கும். இருவரின் சிகிச்சையும் முடிந்து வைத்தியர் சொல்லும்வரை உறவைத் தவிர்க்க வேண்டும். துணைக்கு நேரில் சொல்லத் தயங்கினால், பல நிலையங்கள் உங்கள் பெயரைக் குறிப்பிடாமல் அவருக்கு அறிவிக்க உதவும்.

பாடசாலையிலிருந்து வரும் அந்தப் படிவம்

பிள்ளைக்கு 11, 12 வயதாகும்போது எச்.பி.வி. தடுப்பூசிக்கான சம்மதப் படிவம் வீட்டுக்கு வரும். இங்கிலாந்தில் 12, 13 வயதில் 8ஆம் ஆண்டுப் பிள்ளைகளுக்கும், ஒன்ராறியோவில் 7ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் பாடசாலையிலேயே போடுகிறார்கள். ஜேர்மனியில் 9 முதல் 14 வயதுக்குள் போடும்படி பரிந்துரைக்கப்படுகிறது. ஆண் பிள்ளைகளுக்கும் உண்டு. "என்ர பிள்ளைக்கு இது ஏன்? இப்பவே இதைப் போட்டால் தப்பான வழிக்குப் போகத் துணிவு கொடுத்ததாகாதா?" என்று எண்ணிக் கையெழுத்திடாமல் விடும் பெற்றோர் உண்டு.

தடுப்பூசி கிருமி உடலுக்குள் வருமுன் போட்டால்தான் முழுப் பலன் தரும். அதனால்தான் இந்த வயது. நாளைக்கு உங்கள் மகள் நீங்கள் பார்த்துச் செய்துவைக்கும் மாப்பிள்ளையை மட்டுமே அறிந்திருந்தாலும், அவருக்கு ஏற்கெனவே தொற்று இருந்தால் அவளுக்கு வரும். அவருக்கே அது தெரிந்திருக்காது. ஆண்களிடம் வழமையாக எச்.பி.வி. பரிசோதனை செய்வதும் இல்லை. குழந்தைக்குத் தட்டம்மை ஊசி போடுவதுபோல இதுவும் ஒரு பாதுகாப்பு. இதன் பலன் இப்போது கண்முன்னே தெரிகிறது. பிரித்தானியாவில் இது 2008இல் தொடங்கியது. ஸ்கொட்லாந்தில் 12, 13 வயதில் தடுப்பூசியை முழுமையாகப் பெற்ற பெண்களில் ஒருவருக்கேனும் பரவும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வரவில்லை என்று 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. இலங்கையிலும் 2017 முதல் பாடசாலை மாணவிகளுக்கு இது போடப்படுகிறது. அங்கே இருக்கும் மருமகளுக்குப் போட்டாயிற்று, இங்கே இருக்கும் மகளுக்குப் போடவில்லை என்ற நிலை வேண்டாம்.

தடுப்பூசி பெறாத தலைமுறையினரான அம்மாக்களுக்கும் அம்மம்மாக்களுக்கும் இருக்கும் பாதுகாப்பு, கருப்பைக் கழுத்துப் பரிசோதனைதான். பிரித்தானியாவில் 25 முதல் 64 வயது வரையான பெண்களுக்கு அழைப்புக் கடிதம் வரும். "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை", "அவர் இறந்து பத்து வருசமாகுது" என்று அதை ஒதுக்கிவைக்காதீர்கள். எச்.பி.வி. பல ஆண்டுகள் அடங்கியிருந்து பின்னர்தான் புற்றுநோயாக மாறுகிறது. பெண் தாதியே பரிசோதிக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நீங்களாகவே மாதிரி எடுத்து அனுப்பும் முறையும் சில நாடுகளில் வந்துவிட்டது.

கர்ப்பகாலம்

கர்ப்பத்தின் தொடக்கத்தில் எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெப்பற்றைட்டிஸ் பி ஆகியவற்றைப் பரிசோதிப்பார்கள். "என்னைச் சந்தேகப்படுகிறார்களா" என்று மனம் நோக வேண்டியதில்லை. எல்லாத் தாய்மாருக்கும் இதைச் செய்கிறார்கள். சிபிலிஸைக் கவனிக்காமல் விட்டால் குழந்தை இறந்து பிறக்கலாம். நேரத்தோடு பெனிசிலின் கொடுத்தால் தாயும் பிள்ளையும் காப்பாற்றப்படுவர். தாய்க்கு ஹெப்பற்றைட்டிஸ் பி இருந்தால் குழந்தை பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் தடுப்பூசி போட வேண்டும். இந்த வழமையான பரிசோதனைகளின் பலனாக, தாயிலிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் கடத்தப்படுவதை ஒழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2019இல் அங்கீகரித்தது.

எங்கே போவது, என்ன கேட்பது

எம்மவர் பலர் குடும்ப வைத்தியரிடம் போகாததற்குக் காரணம் அவரும் தமிழர் என்பதே. எங்காவது கொண்டாட்டத்தில் சந்திக்க நேருமே என்ற கூச்சம். வைத்தியர் எந்த இனத்தவராக இருந்தாலும் இரகசியம் காப்பது அவருடைய சட்டக் கடமை. அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் வேறு வழிகள் உண்டு.

பிரித்தானியாவில் பாலியல் சுகாதார நிலையங்களுக்குக் குடும்ப வைத்தியரின் கடிதம் இல்லாமலே நேரடியாகப் போகலாம். பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். உங்கள் சம்மதமின்றிக் குடும்ப வைத்தியருக்கு அறிவிக்க மாட்டார்கள். வேறு நகரத்து நிலையத்துக்கும் போகலாம். பல பகுதிகளில் வீட்டுக்கே பரிசோதனைப் பெட்டியை அனுப்புகிறார்கள். இங்கிலாந்தில் 2012 முதல் எச்.ஐ.வி. சிகிச்சை, குடிவரவு நிலை எதுவாக இருந்தாலும் இலவசம். பிரான்ஸில் செஜிட் எனப்படும் நிலையங்களில் பெயர் சொல்லாமலே இலவசமாகப் பரிசோதிக்கலாம். ஜேர்மனியில் அந்தந்த நகரத்தின் சுகாதார அலுவலகம் பெயர் கேட்காமல் ஆலோசனையும் பரிசோதனையும் தருகிறது. நோர்வேயில் இந்தத் தொற்றுக்களுக்கான பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். ரொறன்ரோவில் சுகாதார அட்டை இல்லாதவர்களையும் ஏற்கும் பாலியல் சுகாதார நிலையங்கள் இருக்கின்றன.

மொழி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வைத்தியரிடம் போகும்போது மகளையோ மகனையோ மொழிபெயர்க்கக் கூட்டிப்போவது எம்மிடையே வழக்கம். காய்ச்சலுக்கும் முழங்கால் நோவுக்கும் அது பரவாயில்லை. இந்த விடயத்தில் வேண்டாம். பிள்ளை முன்னால் அம்மா உண்மையைச் சொல்ல மாட்டார். வைத்தியரும் கேட்க வேண்டியதைக் கேட்க மாட்டார். கணவன் மனைவிக்கு மொழிபெயர்ப்பதும் அப்படித்தான். முன்பதிவு செய்யும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். எங்கள் ஊர்க்காரர் வந்துவிடுவாரோ என்று பயந்தால் தொலைபேசியில் வேறு நகரத்திலிருந்து மொழிபெயர்ப்பவரைக் கேளுங்கள். அவரும் இரகசியம் காக்கக் கட்டுப்பட்டவர்.

வைத்தியர் முன்னால் சொற்கள் வராவிட்டால் இதை எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, என்ன நிறத்தில் வெளியேறுகிறது, எங்கே நோகிறது, கடைசியாக எப்போது உறவு கொண்டீர்கள், ஆணுறை பாவித்தீர்களா, என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. கிளமிடியா, கொனோரியா, சிபிலிஸ், எச்.ஐ.வி., ஹெப்பற்றைட்டிஸ் ஆகிய ஐந்தையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் சலமோ, நீங்களே எடுத்துக் கொடுக்கும் மாதிரியோ, கொஞ்ச இரத்தமோ போதுமானது.

பிள்ளைகளோடு பேசுவது

இங்கே வளரும் பிள்ளைகள் பாடசாலையில் இதையெல்லாம் படிக்கிறார்கள். ஆனால் தமக்கு ஒரு பிரச்சினை வந்தால் வீட்டில் சொல்லலாமா என்பதைப் பாடசாலை சொல்லித்தராது. அதை அவர்கள் எமது முகத்திலிருந்துதான் படிக்கிறார்கள். தொலைக்காட்சியில் இப்படியொரு செய்தி வந்தவுடன் அலைவரிசையை மாற்றினால், "இதை இவர்களிடம் சொல்லக்கூடாது" என்று பிள்ளை முடிவெடுத்துவிடும். நீண்ட போதனை தேவையில்லை. "உனக்கு எப்ப என்ன நடந்தாலும் எங்களிட்டச் சொல்லு, நாங்கள் பேசமாட்டம். சொல்ல ஏலாட்டி இந்த இடத்துக்குப் போ" என்று சொல்லி வையுங்கள். உங்கள் ஊரில் உள்ள பாலியல் சுகாதார நிலையத்தின் பெயரும் தொலைபேசி இலக்கமும், வீட்டில் மற்ற அவசர இலக்கங்களை எழுதி ஒட்டியிருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

நீங்கள் கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள் என்பது நினைவில் இல்லையா? இந்த வாரமே தொலைபேசி எடுத்து ஒரு நேரம் கேளுங்கள். அலமாரிக்குள் கையெழுத்திடாமல் கிடக்கும் தடுப்பூசிப் படிவத்தையும், பிரிக்காமல் வைத்த பாப் பரிசோதனைக் கடிதத்தையும் வெளியே எடுங்கள். தடுப்பூசிக்கு வயது கடந்துவிட்டது என்று நீங்களாகவே முடிவு செய்யாமல் கேட்டுப் பாருங்கள். பல நாடுகளில் தவறவிட்டவர்களுக்குப் பின்னரும் போடுகிறார்கள்.